பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி: சட்டமும் ஜாக்கிரதையும்

நிலக்கடலை காய் திரளும் பருவத்தில் ஒரே இரவில் காட்டுப்பன்றிக் கூட்டம் கொல்லையில் புகுமாயின், நான்கு மாதப் பாடு மறுநாட் காலையில் கிளறிய மண்ணாகக் கிடக்கும். மக்காச்சோளம், மரவள்ளி, கரும்பு, கதிர் முற்றிய நெல் ஆகியவற்றின் கதியும் இதுவே. பன்றி தின்பது கொஞ்சம்; மிதித்தும் முறித்தும் உழுதும் அழிப்பதே அதிகம். மலையடிவாரத்துக் கிராமங்களில் குடியானவர்கள் பலர், "ஒரு துப்பாக்கி இருந்தால் இத்தொல்லை தீரும்" என்று கருதுகின்றனர். இக்கருத்து எவ்வளவு தூரம் சரி, துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டம் யாருக்கு இடங்கொடுக்கிறது, வைத்திருப்பவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பவற்றை இங்கே விளக்குவோம்.

ஆயுதச் சட்டம் வந்த வரலாறு

முன்னாளில் புனங்காவலுக்குப் பரணும் கவணும் தப்பட்டையுமே கருவிகள். பின்னர் நாட்டுத் துப்பாக்கி கிராமந்தோறும் பரவிற்று. 1857-ம் வருஷத்துப் புரட்சிக்குப் பின் ஆங்கில அரசாங்கத்தார் குடிகளின் கையிலிருந்த ஆயுதங்களைக் கட்டுப்படுத்தத் தொடங்கினர். லிட்டன் பிரபு ராஜப் பிரதிநிதியாயிருந்த காலத்தில், 1878-ல், இந்திய ஆயுதச் சட்டம் நிறைவேறியது. அதன்படி லைசென்ஸ் இல்லாமல் இந்தியர் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றமாயிற்று. ஐரோப்பியர்களுக்கோ பலவிதமான விலக்குகள் இருந்தன. சட்டம் ஒன்றாயினும் அது பாய்ந்த இடம் வேறு வேறாயிருந்தமையால், தேசத் தலைவர்கள் அதனை ஓர் அவமானமாகவே மதித்தனர். 1918-ல் யுத்தத்துக்கு ஆள் சேர்க்க வெளியிட்ட துண்டுப் பிரசுரத்தில் காந்தியடிகளும் இச்சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார். 1931-ல் கராச்சியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, குடிமக்களின் அடிப்படை உரிமைகளை வகுத்தபோது, ஒழுங்கு விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தது.

எனினும் சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பில் அவ்வுரிமை இடம்பெறவில்லை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அதனைச் சேர்க்கவேண்டுமென்று திருத்தம் கொண்டுவந்தார். சபை அதை ஏற்கவில்லை. ஐக்கிய அமெரிக்க நாடுகளின் நிலைமை இதற்கு மாறானது. அங்கே 1791-ல் செய்யப்பட்ட இரண்டாவது அரசியலமைப்புத் திருத்தம் ஆயுதம் தாங்குதலைக் குடிகளின் உரிமையென்று கூறுகிறது. அது தனிமனிதனுக்கும் உரியதே என்று 2008-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் அங்கே ஒருவனுக்குத் துப்பாக்கியை மறுக்கும் அரசாங்கமே காரணங் காட்டவேண்டும். நம் நாட்டிலோ துப்பாக்கி வேண்டுபவரே தமக்கு அது தேவையென்று காட்டவேண்டும். இவ்வேற்றுமையை மனத்தில் கொண்டால் நம் சட்டத்தின் போக்கு எளிதில் விளங்கும்.

இந்தியாவிலேயே இதற்கு ஒரு விலக்கு உண்டு. குடகு நாட்டுக் கொடவர்களும், ஜம்மா நிலம் உடையவர்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே லைசென்ஸ் பெறுவதினின்று விலக்குப் பெற்றிருக்கின்றனர். 2019-ல் மத்திய அரசாங்கம் இவ்விலக்கை 2029 வரை நீட்டித்தது. 2021-ல் கர்நாடக உயர்நீதிமன்றமும் இதனைச் செல்லுமென்று கூறிற்று. ஏனைய இந்தியக் குடிகளுக்கு, லைசென்ஸ் ஒன்றே வழி.

லைசென்ஸ் பெறுவது எப்படி?

இப்போது நடப்பில் உள்ளது 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டமும், 2016-ல் வெளியான ஆயுத விதிகளுமாம். பயிர்க் காவலைப் பற்றி இச்சட்டத்தின் 13-வது பிரிவு வெளிப்படையாகவே பேசுகிறது. உண்மையாகவே பயிரைக் காப்பதற்கென்று கேட்பவருக்கு, குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் அளிக்கலாம். அது போதாதென்று அதிகாரிக்குத் திருப்தியானால், குழல் இருபது அங்குலத்துக்குக் குறையாத, உட்புறம் வழவழப்பான வேறு துப்பாக்கிக்கும் அளிக்கலாம். தோட்டா போடும் ஒற்றைக் குழல், இரட்டைக் குழல் துப்பாக்கிகள் இவ்வகையைச் சேர்ந்தவை.

விண்ணப்பத்தை ஜில்லா கலெக்டரிடம் கொடுக்கவேண்டும்; போலீஸ் கமிஷனர் உள்ள நகரங்களில் அவரிடம் கொடுக்கவேண்டும். அதன்மேல் போலீஸார் விசாரித்து அறிக்கை அனுப்புவர். விண்ணப்பிப்பவருக்கு இருபத்தொரு வயது நிரம்பியிருத்தல் வேண்டும். துப்பாக்கியைக் கையாளும் பயிற்சி பெற்றிருத்தலும், அதைப் பத்திரமாக வைக்க வீட்டில் வசதி இருத்தலும் அவசியம். பயிர்க் காவலுக்குக் கேட்பவர், நிலத்தின் சிட்டா, அடங்கல் நகல்களையும், முன்பு நேர்ந்த பயிர்ச் சேதத்துக்கு வன இலாகாவிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ கொடுத்த மனுக்களின் நகல்களையும் சேர்த்து அனுப்புதல் நலம். தேவை உண்மையானது என்பதற்கு இவையே சான்று.

சிறு குடியானவர்கள் அறியவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தைக் கொண்டு லைசென்ஸ் மறுத்தலாகாது என்று 14-வது பிரிவு கூறுகிறது. ஆகையால் பத்து ஏக்கர் உடையவருக்கே துப்பாக்கி, ஒரு ஏக்கர் உடையவருக்கு இல்லை என்று எவரேனும் சொன்னால் அது சட்டமன்று. மறுக்கும் அதிகாரி அதற்குரிய காரணத்தை எழுதிவைக்கவேண்டும். மறுக்கப்பட்டவர் குறித்த காலத்துக்குள் மேல்முறையீடு செய்துகொள்ளலாம். ஆனால் பொது அமைதிக்குப் பங்கம் வருமென்றோ, கேட்பவர் தகுதியற்றவரென்றோ அதிகாரி கருதினால் மறுக்க அவருக்கு அதிகாரம் உண்டு.

லைசென்ஸ் முன்பு மூன்று வருஷங்களுக்குச் செல்லுபடியாயிற்று. 2019-ம் வருஷத்துத் திருத்தத்தின்பின் ஐந்து வருஷங்களுக்குச் செல்லும். கெடு முடியுமுன்பே புதுப்பித்துக்கொள்ளவேண்டும். அதே திருத்தத்தினால் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் தொகை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் இரண்டு வருஷத்துக்குக் குறையாமலும் ஐந்து வருஷம் வரையிலும் சிறைத் தண்டனை விதிக்கப்படலாம். கல்யாணத்திலோ திருவிழாவிலோ களிப்புக்காக அஜாக்கிரதையாகச் சுட்டுப் பிறர் உயிருக்கு அபாயம் விளைத்தால், லைசென்ஸ் உள்ளவருக்குங்கூட இரண்டு வருஷம் வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

தகப்பனார் காலத்துத் துப்பாக்கி

தகப்பனார் பேரில் இருந்த துப்பாக்கி அவர் காலமானபின் மகனுக்குத் தானே உரியதாகிவிடும் என்று கிராமங்களில் பலர் எண்ணியிருக்கின்றனர். இது தவறு. நிலம் வாரிசுக்கு வரும். லைசென்ஸ் வாரிசுக்கு வராது. லைசென்ஸ்தாரர் காலமானவுடன் துப்பாக்கியையும் தோட்டாக்களையும் தாமதமின்றிப் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெறவேண்டும். பிறகு வாரிசு தம் பேரில் லைசென்ஸ் கேட்கலாம். கிடைத்தபின் துப்பாக்கியைத் திரும்பப் பெறலாம். வேண்டாமாயின் சட்டப்படி விற்றுவிடலாம். பரணில் கிடக்கட்டும் என்று வைத்திருந்து பின்னால் வழக்கில் அகப்படுவது, குற்றம் செய்யும் எண்ணமே இல்லாத குடும்பங்களுக்கும் நேரக்கூடிய துன்பமாகும்.

பழைய காலத்துப் பொருளாகச் சுவரில் மாட்டியிருப்பவை சில உண்டு. பழுது பார்த்தாலுங்கூடச் சுட உதவாத பழமையான ஆயுதங்களுக்கு ஆயுதச் சட்டம் பொருந்தாது. ஆனால் ஒரு துப்பாக்கி அத்தகையதா, அன்றா என்பதை உடையவரே தீர்மானித்துக்கொள்ளலாகாது. போலீஸாரிடம் காட்டி எழுத்து மூலம் தெளிந்துகொள்வதே புத்தி.

துப்பாக்கி லைசென்ஸ் வேறு, சுடும் அனுமதி வேறு

இக்கட்டுரையில் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது இதுவே. ஒரு குடியானவரிடம் பயிர்க் காவலுக்கென்றே கொடுக்கப்பட்ட லைசென்ஸ் இருக்கிறதென்று கொள்வோம். நள்ளிரவில் பன்றி அவருடைய கொல்லையில் புகுகிறது. அவர் அதைச் சுட்டுக் கொல்லலாமா? வேறு அனுமதி இல்லையாயின், கொல்லலாகாது. ஆயுதச் சட்டம் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்க மட்டுமே இடங்கொடுக்கிறது. விலங்கைக் கொல்வதை 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேறாக ஆள்கிறது. முன்னர் அச்சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் இருந்த காட்டுப்பன்றி, 2022-ம் வருஷத்துத் திருத்தத்தின்பின் இரண்டாவது அட்டவணையில் வைக்கப்பட்டிருக்கிறது. மனித உயிருக்கோ, நிலத்தில் நிற்கும் பயிர் உள்ளிட்ட சொத்துக்கோ அபாயமாயிருக்கும் இவ்வகை விலங்கைச் சுட, தலைமை வன உயிரினக் காப்பாளரோ, அவரால் அதிகாரம் பெற்ற உத்தியோகஸ்தரோ எழுத்து மூலம் அனுமதி கொடுக்கலாம். அந்த அனுமதி கையில் இருந்தாலன்றிச் சுட்டவர் குற்றவாளியே. சுடப்பட்ட விலங்கின் உடல் சர்க்காரின் உடைமை. அதன் இறைச்சியைப் பங்கிடுதல் வேறொரு குற்றமாகும்.

யானை, காட்டெருமை, மயில் ஆகியவை முதல் அட்டவணையில் உள்ளவை. பயிருக்குச் சேதம் என்ற காரணத்துக்காக இவற்றின்மேல் துப்பாக்கியைத் திருப்ப எவருக்கும் அனுமதி கிடையாது. ஒரு விலங்கு மேலே பாய்ந்து உயிருக்கே ஆபத்து நேர்ந்தவிடத்து, நல்லெண்ணத்தோடு தற்காப்புக்காகக் கொன்றால் குற்றமாகாது. ஆனால் சட்டத்தை மீறி வேட்டையாடச் சென்றவர் இவ்விலக்கைக் கோர முடியாது.

சர்க்கார்கள் இவ்விஷயத்தில் பலவாறு முயன்று பார்த்திருக்கின்றன. 2015, 2016-ம் வருஷங்களில் பீகார், உத்தராகண்டம், இமாசலப் பிரதேசம் ஆகிய ராஜ்யங்களின் சில பகுதிகளில், பயிரழிக்கும் சில விலங்குகள் குறித்த காலத்துக்குத் தீங்கு விலங்குகளாக அறிவிக்கப்பட்டன. 2022-ல் கேரள சர்க்கார் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கௌரவ வன உயிரினக் காப்பாளர் என்னும் நிலையை அளித்து, லைசென்ஸ் உள்ளவர்களைக் கொண்டு பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்தது. கைதேர்ந்த லைசென்ஸ்தாரர் இல்லாத ஊரில் அத்தகைய உத்தரவு ஏட்டளவில் நிற்குமேயன்றிப் பயிரைக் காவாது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட திட்டம் தூரத்தை அளவாகக் கொண்டது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரையில் பன்றியைப் பிடித்துக் காட்டில் விடவேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வன இலாகாவினரே சுடுவர். ஆகவே இங்கே குடியானவர் முதலில் செய்யவேண்டியது, தம் நிலம் காட்டெல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்று அறிந்து, சேதம் நேர்ந்த அன்றே எழுத்து மூலம் தெரிவித்தலாகும்.

துப்பாக்கியைக் கையாளும் முறை

லைசென்ஸ் உடையவர்கள் கீழ்க்கண்டவற்றை நினைவில் வைக்கவேண்டும். வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியில் முதலில் கரிமருந்தும், அதன்மேல் அடைப்பும், பிறகு ஈய ரவையும், மறுபடி அடைப்பும் கெட்டிக்கப்படுகின்றன. குதிரை விழுந்து கேப்பை அடிக்க, அந்தத் தீப்பொறி உள்ளே சென்று மருந்தைப் பற்றவைக்கிறது. இதில் விபத்துகள் பெரும்பாலும் நான்கு வழிகளில் நேரும்.

(1) முன்பே கெட்டித்திருப்பதை மறந்து மேலும் கெட்டித்தல். இரட்டை மருந்தால் குழல் வெடித்துக் கையும் கண்ணும் போகும். கெட்டிக்கும் கம்பியில், வெறுங்குழலுக்கு ஓர் அடையாளமும் சரியாகக் கெட்டித்த குழலுக்கு ஓர் அடையாளமும் இட்டுவைத்து, ஒவ்வொரு முறையும் கம்பியை விட்டுப் பார்த்தால் இவ்வபாயம் நீங்கும்.

(2) சுட்டவுடனே மீண்டும் மருந்து கொட்டுதல். உள்ளே தணல் இருந்தால் மருந்து முகத்தில் பற்றும். சிறிது பொறுத்தே கெட்டிக்கவேண்டும். மருந்துக் குப்பியிலிருந்து நேரே கொட்டாமல், அளவுக் குப்பியில் எடுத்தே கொட்டவேண்டும்.

(3) விசையை இழுத்தும் வெடியாதபோது குழலுக்குள் எட்டிப் பார்த்தல். மருந்து தாமதித்தும் வெடிக்கக்கூடும். குழலை ஆளில்லாத திசையில் பிடித்தபடி ஒரு நிமிஷமாவது காத்திருக்கவேண்டும்.

(4) சுட்டபின் துடையாமல் விடுதல். கரிமருந்தின் கசடு ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். அரித்த குழல் ஒருநாள் பிளக்கும். வெந்நீரால் உட்புறத்தைக் கழுவி, நன்றாய் உலர்த்தி, எண்ணெய் தடவி வைக்கவேண்டும்.

எவ்வகைத் துப்பாக்கியாயினும், வீட்டில் வைக்கும்போது கெட்டிப்பின்றி, பூட்டிய பெட்டியில் வைக்கவேண்டும். தோட்டாவும் மருந்தும் வேறிடத்தில் பூட்டியிருக்கவேண்டும். சாவி குழந்தைகளுக்கு எட்டலாகாது. குடும்பத்தில் ஒருவர் மனங்கலங்கியிருக்கும் நாட்களில் துப்பாக்கியை வீட்டில் வைத்திராமல் வியாபாரியிடமோ ஸ்டேஷனிலோ ஒப்படைப்பதே உயிர் காக்கும் செய்கையாகும். கடனும் பயிர் நஷ்டமும் ஒரு வீட்டை வாட்டும்போது இதை மறவாதிருத்தல் வேண்டும். தேர்தல் அறிவிக்கப்பட்டபின் ஆயுதங்களை ஒப்படைக்குமாறு உத்தரவு வந்தாலும் அவ்வாறே செய்து ரசீது பெறவேண்டும். அக்காலம் அறுவடைக் காலமாயின், விலக்குக் கோரி முன்னதாகவே விண்ணப்பிக்கலாம்.

இரவில் சுடுதல் எல்லாவற்றினும் அபாயமானது. ரவை நாற்பது கெஜம் வரையில்தான் பன்றியைச் சரியாகத் தாக்கும். ஆனால் நூறு கெஜத்துக்கு அப்பாலும் அது ஒரு மனிதனின் கண்ணைக் குருடாக்கும். ஒற்றைக் குண்டோ அதனினும் நெடுந்தூரம் செல்லும். பயிர் அசைந்ததைக் கண்டு பன்றியென்று எண்ணிச் சுட, அடுத்த நிலத்துக்குக் காவல் வந்த மனிதர் மாண்ட செய்திகள் மலைநாட்டுக் கிராமங்களிலிருந்து பலமுறை வந்திருக்கின்றன. ஆகையால் விலங்கின் முழு உருவமும் விளக்கொளியில் தெரிந்தாலன்றி விசையைத் தொடலாகாது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கவேண்டும். காவலுக்கு வரும் அயலார் எவர், எந்தப் பரணில் இருக்கிறார் என்பதை மாலையிலேயே ஒருவருக்கொருவர் சொல்லிவைத்துக்கொள்ளவேண்டும். அரைகுறையாய்க் காயம்பட்ட பன்றி புதரில் பதுங்கி நின்று, மறுநாள் களையெடுக்க வரும் பெண்கள்மேல் பாய்ந்தால் அப்பழியும் சுட்டவரையே சாரும்.

துப்பாக்கியினும் கொடியவை

துப்பாக்கி கிடையாதென்று சிலர் அவுட்டுக்காயையும் திருட்டு மின்வேலியையும் நாடுகின்றனர். இவை காவற் கருவிகள் அல்ல. துப்பாக்கிக்குப் பின்னால் ஒரு மனிதனின் கண்ணும் மனமும் இருக்கின்றன. இவற்றுக்குப் பின்னால் எவரும் இல்லை. 2020 மே மாதத்தில் பாலக்காடு ஜில்லாவில், வெடி வைத்த காயைக் கடித்த கருவுற்ற யானையொன்று வாய் சிதைந்து, ஆற்று நீரில் நின்றவாறே உயிர்விட்டது. 2023 மார்ச்சில் தருமபுரி ஜில்லா மாரண்டஅள்ளி அருகே, பயிருக்குப் போட்ட திருட்டு மின்கம்பியில் மூன்று யானைகள் மடிந்தன. அவுட்டுக்காயைக் கடிக்கும் மாடும், கம்பியை மிதிக்கும் அயல்வீட்டுப் பிள்ளையும் இவ்வாறே மாளும். வைத்தவருக்குப் பயிரும் போய், சிறைவாசமும் கிட்டும்.

செய்யத்தக்கது யாது?

ஒரு பன்றியைச் சுட்டால் கூட்டம் அன்றைக்கு ஓடும். அடுத்த கொல்லையில் புகும். சில நாட்களில் திரும்பும். ஆகையால் துப்பாக்கியைக் கடைசி உபாயமாகவே கொள்ளவேண்டும். முன்னே வேண்டுவது தடுப்பு. நிலத்தைச் சுற்றி அகழி வெட்டுதல், நெருக்கமான கம்பி வலை கட்டுதல், விதிப்படி அனுமதி பெற்றுச் சூரியசக்தி வேலி அமைத்தல், எல்லைப் புதர்களை வெட்டிப் பன்றி பதுங்குமிடம் இல்லாமற் செய்தல் ஆகியவை பயன் தரும். ஒருவர் தனியே வேலியிட்டால் பன்றி அயலார் நிலத்துக்குத் திரும்பும். பத்து நிலக்காரர்கள் சேர்ந்து சுற்றுவேலி இட்டால் செலவும் பங்காகும், காவலும் பங்காகும். முறைவைத்து இரவுக்காவல் காக்கும் ஊர்களில் ஒவ்வொருவர் வீட்டிலும் துப்பாக்கி தேவையில்லை; பயிற்சியும் நிதானமும் உள்ள ஒருவரிடம் இருந்தால் போதும்.

சேதம் நேர்ந்தால் மறுநாளே புகைப்படம் எடுத்து, வன இலாகாவிடம் இழப்பீட்டு மனுக் கொடுக்கவேண்டும். மனுவின் நகலைப் பத்திரப்படுத்தவேண்டும். மனுக் கொடாத சேதம் சர்க்கார் கணக்கில் நேராத சேதமே. சுடும் அனுமதிக்கும், துப்பாக்கி லைசென்ஸுக்கும், இழப்பீட்டுக்கும் அந்தக் காகிதமே அடிப்படை.

ஆயுதம் வைத்திருத்தல் பிறப்புரிமையா, சர்க்கார் அளிக்கும் சலுகையா என்னும் விவாதம் நூறு வருஷங்களுக்கு மேலாக நடந்துவருகிறது, இன்னும் நடக்கும். பயிரை இழந்த குடியானவருக்கு அவ்விவாதம் முடியும் வரை காத்திருக்க நேரமில்லை என்பது மெய்யே. ஆயினும் இன்றைய சட்டத்துக்குள்ளேயே அவருக்கு வழிகள் இருக்கின்றன. அவற்றை அறிந்து, ஊரார் ஒன்றுகூடி, எழுத்து மூலம் கேட்டுப் பெறவேண்டும். துப்பாக்கி கையில் வந்தபின் பயிரைக் காட்டிலும் அயலாரின் உயிர் பெரிது என்பதை ஒவ்வோர் இரவும் நினைத்துப் பரண் ஏறவேண்டும்.